மூடி வைத்த கூடு

கோழிக்குச் சளி பிடிக்கும் என்பது பொகவந்தலாவைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வன்னியிலும் நாங்கள் கோழி வளர்த்தோம். அங்கே அவை மணலில் புரண்டு குளித்தன. இரவில் வேலிப் பூவரசில் ஏறிப் படுத்தன. கழிச்சல் வந்தால் ஒரு கிழமைக்குள் வளவு வெறுமையாகிவிடும். அந்தத் துன்பம் பழகியது. ஆனால் கோழி தும்மும், இரவில் குறட்டை விடும், முகம் வீங்கிக் கண் மூடிப்போகும் என்பதெல்லாம் இந்த மலையில் வந்து படித்த பாடம். அதைப் படிக்க நான் பட்ட நட்டத்தையும் செய்த பிழையையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். என்னைப் போலக் கோழியை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் சகோதரிகள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாருக்காவது உதவினால் போதும்.

நான் பிறந்தது இதே பொகவந்தலாவையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார். எனக்கு அப்போது 5 வயது. கிளிநொச்சி பாரதிபுரத்தில் கொட்டில் போட்டு வாழ்ந்தோம். அங்கேதான் கலியாணம், அங்கேதான் மகள் பிறந்தாள். 2009 இல் என் கணவரை இழந்தேன். என் காலிலும் ஷெல் துண்டு பட்டது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வெளியே வந்தபோது போவதற்கு வீடு இல்லை. இங்கே பெரியம்மா இருந்தார். 33 வருடங்களுக்குப் பிறகு, பிறந்த லயத்துக்கு அடுத்த லயத்துக்கே திரும்பி வந்தேன்.

வன்னியில் என்னைத் தோட்டக்காட்டாள் என்றார்கள். இங்கே வந்ததும் யாழ்ப்பாணத்தாள் என்றார்கள். நான் 'ஓம்' என்று சொன்னால் லயத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் சோறு போட்டவர்களும் அவர்கள்தான். முதல் மாதம் அரிசியும் மாவும் தந்து, கைக்காசு வேலைக்குக் கூட்டிப்போனது பக்கத்துக் காம்பரா அண்ணி. பெரியம்மாவின் மைத்துனர் மகனின் மனைவி. இந்தக் கதையில் அவரும் வருகிறார்.

மழைக்காலத்தில் என் காலோடு மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது. அதனால்தான் கோழி வளர்க்கத் தொடங்கினேன். 2022 இல் எல்லாச் சாமானும் விலை ஏறியபோது தீனி விலையும் ஏறியது. பெரிய பண்ணைகள் பல கோழியைக் குறைத்தன. முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். சோற்று மிச்சமும் பூச்சி புழுவும் தின்று முட்டையிடும் எங்கள் நாட்டுக்கோழிக்கு அப்போது நல்ல மதிப்பு. என்னிடம் 9 பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். 2024 ஜனவரியில் பரீட்சை. அவள் ஹட்டனுக்கு வகுப்புக்குப் போகும் பஸ் காசும் வகுப்புக் காசும் முட்டையிலிருந்துதான் வந்தன.

லொறியில் வந்த இரண்டு

2023 மே மாதக் கடைசியில் ஒரு லொறிக்காரர் தோட்டத்துக்குள் வந்தார். பண்ணையில் முட்டை குறைந்துவிட்டது என்று கழித்துவிட்ட கோழிகள் கூடு கூடாக இருந்தன. "இன்னும் ஆறு மாசம் முட்ட போடும்" என்றார். ஆயிரம் ரூபாவுக்குள் விலை. மகளின் வகுப்புக் காசைக் கணக்குப் பார்த்தேன். இரண்டு வாங்கினேன். அன்று மாலையே என் கூட்டுக்குள் விட்டேன். பழைய கோழிகள் கொத்தின. இருட்டியதும் எல்லாம் ஒரே கம்பில் நெருங்கி உட்கார்ந்தன. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

நாலைந்து நாளில் தும்மல் தொடங்கியது. புதிதாக வந்த ஒன்று தலையை உதறி உதறித் தும்மியது. மூக்கில் நீர். அந்தக் கிழமைதான் தென்மேல் பருவமழை பிடித்தது. பொகவந்தலாவையில் அந்த மழை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கெசல்கமு ஓயா செம்மண்ணாக ஓடும். பகலிலும் பனி இறங்கி எதிர் லயம் தெரியாது. துணி நாலு நாளானாலும் காயாது. நமக்கே தும்மல் வரும்போது கோழிக்கு வராதா என்று நினைத்தேன்.

கூடு லயத்தின் பின்சுவரோடு சேர்த்துக் கட்டியது. மேலே பழைய தகரம், மூன்று பக்கமும் பலகையும் வலையும். குளிர் போகட்டும் என்று கறுத்தப் பொலித்தீனையும் உரப் பைகளையும் கொண்டு மூன்று பக்கமும் இடைவெளி இல்லாமல் மூடினேன். முன்பக்கத்துக்குப் படங்குச் சாக்கைத் தொங்கவிட்டேன். நாலு நாள் பகலிலும் திறக்கவில்லை. "நல்லா கதகதப்பா இருக்கும் புள்ள" என்று பெரியம்மாவும் சொன்னார்.

இரவு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு பல. ஈரக் குழலில் காற்று ஊதுவதுபோல் கறகறவென்று. காலையில் சாக்கைத் தூக்கியபோது மூக்கைத் துளைக்கும் நெடி. என் கண் எரிந்தது. கறுப்புப் பெட்டையின் ஒரு பக்க முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. மூக்கில் கட்டியாக ஒட்டியிருந்த சளியில் அழுகல் நாற்றம். முட்டை ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

நான் கொன்ற கோழி

இஞ்சி, மிளகு, துளசி, கற்பூரவள்ளி போட்டுக் கசாயம் காய்ச்சினேன். நமக்குச் சளி என்றால் அதுதானே கைமருந்து. கறுப்புப் பெட்டையை மடியில் இறுக்கிப் பிடித்து, அலகைத் திறந்து, தேக்கரண்டியால் ஊற்றினேன். இரண்டாவது கரண்டி உள்ளே போனதும் அது ஒருமுறை உதறியது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. என் மடியிலேயே அடங்கிவிட்டது.

நோயில் செத்தது என்றே அன்று நினைத்தேன். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்கு நேர் பின்னாலே திறந்திருக்கிறது என்று பின்னால்தான் அறிந்தேன். மூச்சுத் திணறும் கோழியின் வாயில் எதை ஊற்றினாலும் அது வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குள் போகலாம். இன்னொன்று, நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தட்டு ஒன்று இருந்து மூச்சு விட உதவுகிறது. கோழிக்கு அது இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. நெஞ்சை இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும். நான் இரண்டு பிழையையும் சேர்த்தே செய்திருக்கிறேன். சகோதரிகளே, கசாயமோ மண்ணெண்ணெயோ தண்ணீரோ, சளி பிடித்த கோழியின் தொண்டையில் எதையும் ஊற்றாதீர்கள். கொடுக்க விரும்பினால் குடிக்கும் தண்ணீரிலோ தீனியிலோ கலந்து வையுங்கள், அதுவாக எடுக்கட்டும்.

மறுநாள் அண்ணி வாசலில் நின்று கேட்டார்.

"என்னா புள்ள, ஒங்க கோழி ராவெல்லாம் கொறட்ட விடுது? சீக்கு கீக்கு வந்திருச்சா?"

"இல்ல அண்ணி. குளிர்தான்" என்றேன்.

அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். முகம் வீங்கிய கோழியையும் மணத்த சளியையும் கண்டிருந்தேன். ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் கோழிச் சீக்கு என்றால் முட்டை வாங்க ஒருவரும் வரமாட்டார்கள். அதோடு, 'வெளியிலிருந்து வந்தவள் கொண்டுவந்த சீக்கு' என்று பேச்சு வரும். 13 வருடமாக நான் பயந்த பேச்சு அது. அண்ணியிடம் 7 கோழிகள் இருந்தன. அதில் மூன்று இளஞ்சேவல்களை அவர் மகளின் பிரசவத்துக்கென்று வளர்த்தார். பிள்ளை பெற்றவளுக்கு மிளகுக் குழம்பு வைக்க வீட்டுக் கோழிதான் வேண்டும் என்பார். பகலில் அவர் கோழியும் என் கோழியும் ஒரே குப்பையைத்தான் கிளறும்.

ஐந்தாம் நாள் அண்ணியின் சேவல் ஒன்று தும்மியது.

அதே கிழமை லொறி மறுபடியும் வந்தது. அவர் நோயாளிக் கோழியையும் விலைக்கு எடுப்பதாகப் பேச்சு. இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டால் பாதிக் காசாவது மிஞ்சும் என்று நினைத்து, இரண்டைப் பிடித்துக் கூடையில் போட்டேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து இஸ்தோப்பில் நின்றாள்.

"அம்மா, நமக்கு வித்தவங்களும் இப்பிடித்தானே வித்திருப்பாங்க? இதை யாரு வாங்குவாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. கூடையைத் திரும்பக் கொண்டுபோனேன். மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன்.

வைத்தியர் கேட்ட கேள்விகள்

அவர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் தெரியும். மீதியை மகள் சொன்னாள். மருந்து தருவார் என்று போன என்னிடம் அவர் கேள்விகள்தான் கேட்டார். புதிதாகக் கோழி வந்ததா? எப்போது? தனியாக வைத்தீர்களா? எத்தனை செத்தன, எத்தனை நாளில்? கழிச்சல் என்ன நிறம்? கழுத்து முறுக்குகிறதா? முட்டை ஓடு எப்படி? கூடு எப்படி?

கோழிக்குச் சளி என்பது ஒரு நோய் அல்ல, பல நோய்களின் ஒரே முகம் என்று அவர் விளக்கினார். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். இரண்டு மூன்று நாளில் மடமடவென்று செத்து, பச்சைக் கழிச்சல் போய், கழுத்து முறுக்கி, கால் இறக்கை இழுத்தால் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். இமயமலை அடிவாரத்து ஊர் ஒன்றின் பெயர் அது. 1926 இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகே கண்ட நோயும் இதுதான் என்பதால் நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள். இது வைரசால் வருவது. வந்த பிறகு மருந்தில்லை, வருமுன் தடுப்பு மருந்து மட்டுந்தான். முகம் வீங்கி, கண் மூடி, நாறும் சளி வந்தால் கொரைசா என்ற தொற்றுச் சளி. ஆட்கள் நடப்பதுபோலவே நடமாடிக்கொண்டு, கிழமைக்கணக்கில் இரவில் கறகறத்து, முட்டை குறைந்து மெலிந்துபோனால் நாட்பட்ட சுவாச நோய். இது மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. கூட்டம் முழுக்க ஒரே வீச்சில் தும்மி, முட்டை ஓடு மெல்லிசாகி நெளிந்துபோனால் அது இன்னொரு வைரஸ். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டி மூச்சடைத்தால் அம்மை வகை. பூஞ்சணம் பிடித்த வைக்கோலோ தீனியோ இருந்தால் குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும்.

கண்ணால் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்ல அவராலும் முடியாது. நிச்சயமாக அறிய வேண்டுமென்றால் பேராதனை கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். என் கோழிகளின் குறிகளைக் கொண்டு, உள்ளே நாட்பட்ட சுவாச நோயும் மேலே கொரைசாவும் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணி வைத்தியம் சொன்னார். லொறியில் வந்த கோழிகள் பார்வைக்கு நல்லாயிருந்தும் நோயைச் சுமந்து வந்திருக்கலாம். பயணமும் இடமாற்றமும் மழையும் அதைக் கிளப்பிவிட்டிருக்கும்.

"கூட்டை மூடினீங்களா?" என்று கேட்டார். ஓம், நல்லா மூடினேன் என்றேன், பெருமையாக. அவர் தலையில் கை வைத்தார்.

கோழியின் உடற்சூடு 41 பாகை சதமளவுக்குக் கிட்ட. நம்மைவிட 4 பாகை கூட. இறகு என்ற கம்பளியை அது உடம்போடு கொண்டு பிறக்கிறது. காய்ந்த இடமும் நேரே அடிக்காத காற்றும் இருந்தால் பொகவந்தலாவைக் குளிரைத் தாங்கும். தாங்காதது எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயுவை. ஈரம் காயாமல், காற்றுப் போக வழியில்லாமல் மூடினால் அந்த வாயு கூட்டுக்குள்ளேயே தங்கி, மூச்சுக்குழலின் உள்தோலை அரித்துவிடும். அரிபட்ட இடத்தில் நோய் இலகுவாக ஏறும். கோழியின் மூச்சு சுவாசப்பையோடு நிற்பதில்லை. அங்கிருந்து வயிறு வரைக்கும் காற்றுப் பைகள் இருக்கின்றன, சில எலும்புக்குள்ளும் போகின்றன. அதனால் கெட்ட காற்று உள்ளே எல்லா இடமும் போகிறது. "உங்க மூக்குக்கு நெடி தெரியிற நேரம், கோழிக்கு ஏற்கனவே கூடிப்போச்சு. நின்று பார்க்க வேணாம். குந்தி, கோழி ஒயரத்துல மூக்க வெச்சுப் பாருங்க" என்றார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. கோழிக்காக மட்டும் அல்ல. வன்னியில் கடைசி மாதங்களில் எது வந்தாலும் மூடிக்கொள், உள்ளே போ என்பதுதான் எங்கள் பழக்கம். பங்கருக்கு மேலே மரமும் மண்ணும் சேலையில் தைத்த மண்மூடையும் போட்டு மூடினால் உயிர் மிஞ்சும். அந்தப் பழக்கத்தில்தான் கூட்டையும் மூடினேன். ஆனால் பிறகு மெனிக் பாமில் கண்டதை மறந்துவிட்டேன். ஒரு கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பம். ஒரு பிள்ளை இருமினால் மூன்றாம் நாள் எல்லாப் பிள்ளையும் இருமும். கொப்புளிப்பான் ஒரு கூடாரத்தில் வந்தால் வரிசை முழுக்கப் போகும். நெருக்கத்தில் நோய் எப்படிப் பரவும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அறிந்திருந்தும் கோழிக்கு அதையே செய்தேன்.

சொன்ன பிறகு

வைத்தியர் இரண்டாவதாகச் சொன்னதுதான் கடினமானது. பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள் என்றார். அவர்களுடைய கோழிக்கும் பார்க்காமல் உங்களுடையதுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பிரயோசனம் இல்லை என்றார்.

அன்று மாலை அண்ணியிடம் போனேன். லொறியில் கோழி வாங்கியது, தனியாக வைக்காதது, அவர் கேட்டபோது பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எங்கோழிய அடைச்சி வெச்சிருப்பேனே புள்ள" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய்விட்டார். அதற்குள் அவருடைய இளஞ்சேவல்கள் மூன்றும் முகம் வீங்கி நின்றன. அவை ஒவ்வொன்றாகச் செத்தன. என்னிடமும் கறுப்புப் பெட்டையோடு சேர்த்து ஐந்து போயின. எட்டு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. ஆனால் வைத்தியர் சொன்னதை நான் செய்வதைப் பார்த்து, தன் கூட்டிலும் அப்படியே செய்தார்.

செய்தவை இவைதான். பொலித்தீனைக் கிழித்தேன். மழைச் சாரல் அடிக்கும் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் பலகை வைத்தேன். அதிலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டேன். காற்று கோழியின் தலைக்கு மேலால் போய் வர வேண்டும், நேரே அதன் உடம்பில் அடிக்கக்கூடாது. ஈரக் குப்பையை முழுக்க வாரி, குழியில் போட்டு மூடினேன். நன்றாகக் காய்ந்த மானாப்புல்லை அடுப்பு மேல் பரணில் வைத்து மேலும் காயவிட்டுப் பரப்பினேன். நனைந்தால் அன்றே மாற்றினேன். நோய்க் கோழிகளை விறகு அடுக்கும் சாய்ப்புக்கு மாற்றினேன். தண்ணீர்ச் சட்டி, தீனிச் சட்டி வேறு வேறு. முதலில் நல்ல கோழிக்குத் தீனி, கடைசியில் நோய்க் கோழிக்கு. பிறகு சவுக்காரம் போட்டுக் கை கால் கழுவிச் செருப்பையும் கழுவினேன். ஒட்டிப்போன கண்ணையும் மூக்கையும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை அடுப்பில் போட்டேன். செத்ததை ஆற்றிலோ காட்டிலோ வீசாமல், நாய் கிளறாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.

வைத்தியர் தண்ணீரில் கரைக்கும் பொடி ஒன்று தந்தார். அதன் பெயரையும் அளவையும் இங்கே எழுதவில்லை. நோய்க்கு நோய் மருந்து மாறும். வைரசால் வந்த சளிக்கு இந்த மருந்துகள் வேலை செய்யாது. ஆஸ்பத்திரியில் நமக்குத் தந்த கெப்சூலை உடைத்துக் கோழிக்குப் போடுவதும் கூடாது. சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், இரண்டு நாளில் சுகம் என்று நிறுத்தக்கூடாது. மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதற்குப் பிறகு அவர் குறித்த நாட்களிலும் முட்டையை விற்கவும் இல்லை, உண்ணவும் இல்லை. அந்த முட்டைகளைப் புதைக்கும்போது மகளின் பஸ் காசைப் புதைப்பதுபோல் இருந்தது.

பெரியம்மாவும் அப்போது இருமிக்கொண்டிருந்தார். கோழியிலிருந்து வந்ததோ என்று பயந்து கேட்டேன். இந்தச் சளிகள் மனிதருக்கு ஒட்டுவதில்லை என்றார் வைத்தியர். ஆனால் திடீரென்று கூட்டமாகக் கோழி செத்தால் தொடாமல் உடனே அறிவிக்க வேண்டும், பறவைக் காய்ச்சல் என்ற ஒன்று உலகில் இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சளி சோதிக்கச் சொன்னார். சோதித்தோம், காசம் இல்லை. அடுப்புப் புகையைக் குறைக்கச் சொன்னார்கள். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஈர விறகை எரித்து, குளிருக்குக் கதவைச் சாத்தி, நாங்களும் கோழியைப் போலத்தான் மூச்சு விட்டிருக்கிறோம். அடுப்புக்கு மேலே இரண்டு தகரத்தைத் தூக்கிப் புகை போக வழி விட்டோம்.

புள்ளிக்கோழி

மருந்து முடிய ஏழு கோழிகள் தேறின. அதில் புள்ளிக்கோழியும் ஒன்று. என்னிடம் இருந்ததில் அடை காப்பதில் அதை மிஞ்ச வேறில்லை. 12 முட்டை வைத்தால் 11 குஞ்சோடு வரும். அண்ணிக்கு ஈடாக அதன் அடுத்த குஞ்சுகளைக் கொடுப்பது என்று எண்ணியிருந்தேன்.

வைத்தியர் வேண்டாம் என்றார். தேறிய கோழி பார்வைக்கு நல்லாயிருக்கும், ஆனால் மைக்கோபிளாஸ்மா உள்ளே தங்கிவிடும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். கொரைசா தேறிய கோழியும் நோயைச் சுமக்கும். மறுபடியும் மழை, நெருக்கம், பயணம் என்று ஏதாவது வந்தால் கிளம்பும். அதை விற்றாலும் நோயை விற்பதுதான், அன்பளிப்பாகக் கொடுத்தாலும் நோயைக் கொடுப்பதுதான். ஒன்றில் இந்தக் கோழிகளோடு இப்படியே சமாளிக்க வேண்டும். இல்லையென்றால் மருந்தின் நாட்கள் கழிந்த பிறகு இவற்றைச் சமைத்து முடித்து, கூட்டை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்க வேண்டும். கோழியின் உடம்புக்கு வெளியே இந்தக் கிருமிகள் சில நாட்களுக்கு மேல் தாங்குவதில்லை. கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம் வெறுமையாக விட்டால் கூடு சுத்தம்.

ஒரு கிழமை யோசித்தேன். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. இருந்த முட்டையையும் நிறுத்துவதா? ஆனால் என் கூட்டில் நோய் இருக்கும்வரை அண்ணியின் கூட்டிலும் இருக்கும்.

ஆகஸ்டில் அண்ணியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்தியக் குழம்புக்கு நான் புள்ளிக்கோழியைக் கொண்டுபோனேன். மருந்து நாள், அதற்குப் பிந்திய நாள் எல்லாம் கழிந்துவிட்டது என்று சீட்டைக் காட்டினேன். அண்ணி கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதையா?" என்றார். "குஞ்சு பொரிக்க வைக்கேலாது அண்ணி. சாப்பிடலாம்" என்றேன். வாங்கிக்கொண்டார். அடுத்த கிழமை இன்னொன்று கொடுத்தேன். மற்றவற்றை நாங்கள் சமைத்தோம். செப்டெம்பரில் என் கூடும், பிறகு அண்ணியின் கூடும் வெறுமையாகின. அந்த மாதம் லயத்துச் சீட்டு தொடங்கியபோது முதல் எடுப்பு அண்ணிக்கு. "எனக்கு இப்ப அவசரமில்ல, பாப்பா வகுப்புக்குப் போகட்டும்" என்று அதை எனக்கு விட்டுக்கொடுத்தார். மகள் ஹட்டனுக்குப் போவது ஒருநாளும் நிற்கவில்லை.

இப்போது

நவம்பரில் மிருக வைத்தியர் மூலம் பதிந்து ஒரு மாதக் குஞ்சுகள் வாங்கினோம். நானும் அண்ணியும் ஆளுக்கு எட்டு. இராணிக்கெட் தடுப்பு மருந்து விடயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. சின்னக் குப்பி ஒன்றே நூறு கோழிக்கு மேல் காணும். கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். எட்டுக் கோழிக்காரி அதை வைத்து என்ன செய்வது? லயத்தில் கோழி வைத்திருந்த எல்லாப் பெண்களிடமும் பேசினோம். குறித்த நாளில் ஒருவரும் காலையில் கூடு திறக்கவில்லை. மகள் சூடாறாப் போத்தலில் ஐஸ் போட்டு மருந்தைக் கொண்டுவந்தாள். விடிவதற்குள் ஒவ்வொரு கூடாகப் போய், சுகமாக இருந்த கோழிகளுக்கு மட்டும் கண்ணில் ஒரு துளி விட்டோம். வைத்தியர் குறித்துத் தந்த மாதங்களில் இன்றும் அப்படித்தான் செய்கிறோம். லயத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. யார் புதிதாகக் கோழி வாங்கினாலும் மூன்று கிழமை விறகுச் சாய்ப்பில் தனியாகத்தான் வைக்க வேண்டும். வாங்கியதை மற்றவர்களுக்குச் சொல்லவும் வேண்டும்.

சகோதரிகளே, நீங்கள் வன்னி வெயிலில் இருந்தாலும் மாரி மழைக்கு உங்கள் கூட்டையும் மூடத்தான் தோன்றும். சாரலை மறையுங்கள், காற்றை மறைக்காதீர்கள். இரவில் கோழிகள் அடங்கிய பிறகு கூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று கேளுங்கள். பகலில் தெரியாத கறகறப்பு அப்போது தெரியும். அப்படி ஒரு சத்தம் கேட்டால் அந்தக் கோழியை அன்றே பிரியுங்கள், விடிந்ததும் வைத்தியரிடம் போங்கள். போகும் வழியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.